தொண்ணூற்றாறரைக் கல்

ஓட்டப்பிடாரத்தில் கடலைப் பற்றிப் பேச்செடுத்தால், இங்கே பிறந்த வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைச் சொல்வார்கள். கல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சியின் கோட்டையைச் சொல்வார்கள். இந்தக் கட்டுரை கடலுக்குள் போன ஒரு கல்லைப் பற்றியது. அந்தக் கல்லுக்குச் சிலை இல்லை, மணிமண்டபம் இல்லை. ஆனால் பாண்டியர், போர்ச்சுக்கீசியர், நாயக்கர், சேதுபதி, டச்சுக்காரர், ஆற்காட்டு நவாபு, கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னை அரசாங்கம் என்று இந்தக் கரையை ஆண்ட அத்தனை பேர் காலத்திலும் அது கடலுக்குள் இறங்கி ஏறியது. பலருடைய கணக்குப் புத்தகத்திலும் ஏறியது.

பார்வைக்கு அதில் ஒன்றுமில்லை. 15 கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும் ஒரு கருங்கல். அதில் கயிறு கட்டியிருக்கும், கால் நுழைக்க ஒரு வளையம் இருக்கும். குளியாளி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்பார். வளையத்துக்குள் பாதத்தை விடுவார், ஒரு கையால் மூக்கைப் பொத்துவார், மூச்சை இழுத்துக்கொண்டு தலையை அசைப்பார். மேலே இருப்பவர் கயிற்றை விட்டதும் கல் அவரை இழுத்துக்கொண்டு பாருக்குப் போய்ச் சேரும். பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. சிப்பி ஒட்டி வளர்வது அங்கேதான். தரை தட்டியவுடன் காலை உருவிக்கொள்வார். கல் மேலே போய்விடும். மூச்சு தாங்குகிற அந்த ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பியை எல்லாம் வாரிப் பைக்குள் போட்டுக் கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அவர் கொஞ்சம் அசந்தால் கதை முடிந்தது. கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் நிறுத்துவார்கள் என்று கரையில் ஒரு பேச்சு உண்டு. தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்பது அதன் கணக்கு.

ஒரு கல்லுக்கு இரண்டு குளியாளிகள். ஒருவர் முங்கும்போது மற்றவர் மூச்சு வாங்குவார். ஆகவே ஒரு படகில் எத்தனை கல் என்று தெரிந்தால் எத்தனை பேர் குளிக்கிறார்கள், நாளுக்கு எவ்வளவு சிப்பி வரும், அரசாங்கத்துக்கு எவ்வளவு தேறும் என்று எல்லாமே தெரிந்துவிடும். கடலை வேலி போட்டு அளக்க முடியாது. படகும் ஆளும் வரும், போகும். கல்லை எண்ணுவது எளிது. கருங்கல் உரிமையின் அளவையாக மாறியது இப்படித்தான்.

அந்த மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழிப் பயணத்தைப் பற்றி எழுதப்பட்ட கிரேக்கக் குறிப்பு, கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகள் இறக்கப்பட்டதாகச் சொல்கிறது. கைதிக்கு ஏது பங்கு? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ காலத்தில் பங்கு வந்துவிட்டது. பத்தில் ஒன்று அரசனுக்கு, இருபதில் ஒன்று சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு. கரையில் அவருக்குப் பெயர் கடல்கட்டி. சிரிக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசாங்கமே சலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புப் பருவத்துக்கு, கடல்கட்டியை வேலைக்கு வைத்திருந்தது. அவர் கரையில் நின்றால்தான் குளியாளிகள் கடலில் இறங்குவார்கள் என்று அதிகாரிகளுக்குத் தெரியும். கடலில் அதிகாரம் செல்ல வேண்டுமென்றால் கடல்காரர்களின் சொல்லுக்கு ஓர் இடம் கொடுத்தாக வேண்டும். இந்தப் பாடத்தை வந்த ஒவ்வொரு அரசும் முதலிலிருந்து படித்தது.

1530களில் பரதவரின் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள். முத்துப்பார்களில் போட்டி முற்றி, கரையில் அவர்கள் உயிருக்கே ஆபத்து வந்திருந்த நேரம். குதிரை வியாபாரி ஒருவரின் யோசனைப்படி போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். கைம்மாறாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரேயடியாக மதம் மாறினார்கள். பாடநூலில் இது மதவரலாறாக வரும். கரையிலிருந்து பார்த்தால் இது ஓர் ஒப்பந்தம். எங்கள் பாரை எங்களிடம் விடு, உன் மன்னனுக்கு வரி தருகிறோம் என்பது அதன் சாரம். கையெழுத்துக்குப் பதிலாகத் தலையில் தண்ணீர் விழுந்தது.

ஒப்பந்தம் போட்டவன் ஒழுங்காக நடந்துகொண்டானா? 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்களில் போர்ச்சுக்கீசியக் கேப்டன்களின் அடாவடி பற்றிய புலம்பல் நிறைய. ஒரு சின்ன விஷயம் போதும். முத்துக்குளித்துறையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை போர்ச்சுக்கல் அரசியின் செருப்புச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. அதை இங்கேயே வேதம் கற்பிக்கும் ஆசிரியர்களின் சம்பளத்துக்கு விட்டுத்தர வேண்டும் என்று சவேரியார் அரசிக்கு எழுதி வாங்கினார். மூச்சைப் பிடித்து எடுத்த சிப்பி ஓர் அரசியின் காலணியாகப் போவதைவிட ஊர்ப் பிள்ளைகளின் படிப்பாக இருப்பது மேல். அரசு வாங்கிக்கொண்ட ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததாக இந்தக் கல்லின் கதையில் வரும் ஆரம்பகாலச் சம்பவங்களில் இது ஒன்று.

1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்கள் வியாபாரிகள், எதையும் எழுதி வைப்பவர்கள். கல்லின் வாழ்க்கையில் மிகத் தெளிவான பக்கம் அவர்களுடையதுதான். கடலில் படை அவர்களுடையது, கரை நாயக்கருடையது, வடக்கே இராமநாதபுரம் சேதுபதியுடையது, குளிக்கிற கை பரதவருடையதும் முஸ்லிம்களுடையதும் மற்றவர்களுடையதும். யாரை விட்டாலும் சலாபம் நடக்காது. ஆகவே வரி கட்டாமல் இறக்கிக்கொள்ளும் இலவசக் கற்களைப் பழைய வழக்கப்படி ஒவ்வொருவருக்கும் ஒதுக்கினார்கள். மதுரை நாயக்கருக்கு 96½ கல். சேதுபதிக்கு 60 கல். இந்தக் கரையின் பட்டங்கட்டிகளுக்கு 185 கல்.

இந்த மூன்று எண்களையும் திரும்ப ஒருமுறை பாருங்கள். மதுரையில் அரண்மனை கட்டி ஆண்டவரைவிடக் குளிக்கிற ஊர்களின் தலைவர்களுக்குப் பங்கு அதிகம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. டச்சுக்காரர்கள் தர்மவான்கள் என்பதற்காக இது நடக்கவில்லை. பட்டங்கட்டி சொல்லாமல் படகு கிளம்பாது, படகு கிளம்பாமல் முத்து வராது. நாயக்கரின் ஒதுக்கீடு நாட்டின் மீதிருந்த அதிகாரத்துக்கு மரியாதை. பட்டங்கட்டிகளின் ஒதுக்கீடு கடலின் மீதிருந்த அதிகாரத்துக்கு மரியாதை. இரண்டும் ஒரே தாளில், ஒரே அளவையில் எழுதப்பட்டன.

அடுத்து அந்த அரைக் கல். கடலுக்கு அரைக் கல் தெரியாது. அரைக் கல்லில் கால் வைத்து யாரும் பாருக்கு இறங்க முடியாது. அரைக் கல் கணக்குப் புத்தகத்தில்தான் உண்டு. அப்படியானால் அதற்குள் கல் கல்லாக இல்லை, பேரம் பேசிப் பேசித் தேய்ந்து வந்த ஓர் எண்ணாகிவிட்டது என்றுதான் அர்த்தம். யாரோ 97 கேட்டிருப்பார்கள், யாரோ 96 என்று நின்றிருப்பார்கள். அந்த ½ இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசியதற்கான தழும்பு என்றே எனக்குப் படுகிறது. ஒருவர் இஷ்டத்துக்கு இன்னொருவருக்குக் கொடுக்கும் தானத்தில் அரை வராது. முழு எண்ணாகத்தான் கொடுப்பார்கள்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 185 கல்லும் தலைவர்களின் பெயரில்தான் இருந்தது. மூச்சடக்கிக் குளித்தவருக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கணக்குப் பேசவில்லை. பட்டங்கட்டிகளுக்கு மேலே சாதித்தலைவர், கரையில் பாண்டியபதி என்று பெயர். 1806-இல் தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்குப் பொன்தேர் செய்துகொடுத்தது அந்தத் தலைமைதான். தேர் எல்லாருக்கும் பெருமை. முத்து எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்ததில்லை. உரிமை ஊருக்கென்று வாங்கப்படும், தலைவர் வீட்டில் தங்கிவிடும். இந்த வியாதி உலகம் முழுக்க உண்டு.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்லுக்கு எசமானர்கள் வேகமாக மாறினார்கள். ஆற்காட்டு நவாபு பங்கு கேட்டார். தூத்துக்குடி ஆங்கிலேயர் கைக்கும் டச்சுக்காரர் கைக்குமாக மாறி மாறிப் போய் 1825-இல் ஆங்கிலேயரிடமே நின்றது. நடுவில் 1801. அந்த ஆண்டு மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்தது, அதைத் தரைமட்டமாக்கினார்கள். ஜூலை 31-இல் கர்நாடக ஒப்பந்தத்தின் மூலம் நவாபின் அதிகாரம் முழுவதும் கம்பெனிக்குப் போனது. டிசம்பர் 1-இல் கவர்னர் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். ஆயுதத்தை ஒப்படையுங்கள், பொதுமன்னிப்பு உண்டு, நிலத்துக்கு நிரந்தர வரி வைக்கிறோம் என்றது அது. இடித்து முடித்த பிறகு நீட்டிய கை. அரசாங்கங்கள் நல்லிணக்கம் என்று சொல்வது பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வரும்.

நிலத்தில் துப்பாக்கியால் நடந்தது கடலில் ஓசையில்லாமல் நடந்தது. சென்னை அரசாங்கத்தின் முத்துக்குளிப்பில் சிப்பியை மூன்று குவியலாக்குவார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. சாதித்தலைவரை மரியாதையாகவே நடத்தினார்கள். குளியாளிகளைத் திரட்ட அவர் வேண்டும். அதற்காகச் சலாபம் நடக்கும்போது இரண்டு படகின் விளைச்சல் அவருக்கு. 185 கல் எங்கே, இரண்டு படகு எங்கே! எண் சுருங்கியதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. முன்பு அது பழைய வழக்கப்படி இருந்த பங்கு. இப்போது அது அரசாணையால் கிடைக்கும் சலுகை. வழக்கத்தை மாற்ற இரண்டு தரப்பும் உட்கார வேண்டும். ஆணையை மாற்ற ஒரு கையெழுத்து போதும்.

1900களின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பாக் வளைகுடாவில் இராமநாதபுரம் ராஜாவின் சங்குப் படுகையிலிருந்து சங்கு எடுத்தது குற்றமா என்று கேள்வி. திருட்டுத்தான் என்றது நீதிமன்றம். கடலடியில் கிடப்பதற்கும் சொந்தக்காரர் உண்டு என்று சட்டம் அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு அது. அந்தச் சொந்தக்காரர் பட்டியலில் ராஜாவுக்கு இடம் இருந்தது, குத்தகைதாரருக்கு இடம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் குளித்தவர்?

சுதந்திர இந்தியாவிலும் கல் இறங்கியது. 1955 முதல் 1961 வரை மீன்துறை தூத்துக்குடியில் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடத்தியது. 1961 சலாபம்தான் கடைசி. அதன் பிறகு பார்கள் சலாபம் வைக்குமளவுக்குத் திரும்பத் தேறவே இல்லை. வெறுங்கையோடு ஏறிவரும் கல்லுக்கு வேலை இல்லை.

அப்போதுதான் கதை ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக்குள்ளேயே வந்தது. இந்த வட்டம் என்றால் கரிசலும் பருத்தியும்தான் நினைவுக்கு வரும். கிழக்கே போனால் கரிசல் ஓய்ந்து உப்பளம் தொடங்கும், தருவைகுளம், வேப்பலோடை என்று கடல் வந்துவிடும். அந்த வேப்பலோடையில்தான் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1972-இல் முத்துவளர்ப்புப் பண்ணை வைத்தது. 1973 ஜூலையில், சிப்பிக்குள் கரு வைத்து வளர்த்த முத்து இந்தியாவில் முதல் முறையாக அங்கே விளைந்தது. விஞ்ஞானிகளின் உழைப்பு பெரிது, அதில் சந்தேகமில்லை. 1981-இல் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்தார்கள். முத்துக்கு இனிக் கல் வேண்டாம், கயிறு வேண்டாம், மைத்துனன் வேண்டாம். தொழில்நுட்பம் ஊருக்கு வந்தது. பங்கு ஊருக்கு வரவேண்டும் என்று கேட்க அந்தப் பழைய கணக்கு யார் நினைவிலும் இல்லை.

குளியாளிகள் சங்குக்குப் போனார்கள். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இன்றும் சங்குகுளிப்பு உண்டு. கல்லின் இடத்தைக் காற்றுக் குழாய் பிடித்துக்கொண்டது, அதனோடு வேறு ஆபத்துகளும் வந்தன. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-இல் கடலட்டை பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலுக்குள் போனது. பவளப்பாறையும் கடலட்டையும் காக்கப்பட வேண்டியவையே. ஆனால் தாத்தா காலத்துப் பார் பேரனுக்குத் தடைசெய்யப்பட்ட பகுதியாக மாறும்போது, எதிரே உட்கார்ந்து பேசியவர் யார் என்று கேள்வி வருகிறது. மீனவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுந்துகொண்டிருப்பதற்குள்ளும் இந்தக் கேள்விதான் இருக்கிறது.

கடல் கடந்து இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு வருவோம். நியூசிலாந்தில் மாவோரிகளும் பிரிட்டிஷ் அரசும் 1840-இல் போட்ட வைத்தாங்கி ஒப்பந்தத்தில் மீன்பிடி உரிமை பற்றிய வாசகம் இருந்தது. நூறாண்டுக்கு மேல் அது ஏட்டுச் சுரைக்காய். 1975-இல் அதை விசாரிக்க ஒரு தீர்ப்பாயம் வந்தது. 1992-இல் மீன்பிடிச் சமரசச் சட்டம் வந்தது. நாட்டின் பெரிய மீன் கம்பெனி ஒன்றில் பாதி மாவோரிகளுக்கு, புதிதாக ஒதுக்கீட்டு முறைக்குள் வரும் மீனினங்களில் நூற்றுக்கு 20 மாவோரிகளுக்கு. கனடாவில் மிக்மாக் மக்களில் ஒருவர் விலாங்கு பிடித்து விற்றதற்காக வழக்கு. அவர் நீட்டியது 1760, 61-இல் பிரிட்டிஷாரோடு போட்ட ஒப்பந்தம். 1999-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அது செல்லும் என்றது. எவ்வளவு பிடிக்கலாம் என்ற தகராறு அதன் பிறகும் ஓயவில்லை. அதே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பூர்வகுடி உறவுக்கும் நல்லிணக்கத்துக்கும் என்றே தனி அமைச்சகம் இருக்கிறது. அங்கே 2000-இல் நடைமுறைக்கு வந்த நிஸ்கா ஒப்பந்தத்தில், நாஸ் ஆற்றில் ஏறும் சால்மன் மீனில் நிஸ்கா மக்களின் பங்கு எழுதப்பட்டிருக்கிறது.

இந்த நாடுகள் நம்மைவிட நல்லவை என்று சொல்ல வரவில்லை. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கி விடுதிப் பள்ளிகளில் அடைத்த நாடு கனடா. நான் கவனிப்பது ஒன்றே ஒன்று. அங்கே மன்னிப்பு, மரியாதை, உறவு என்று எத்தனை பேசினாலும் கடைசியில் ஓர் எண்ணில் வந்து நிற்கிறது. நூற்றுக்கு இத்தனை. ஆற்றில் இவ்வளவு. அதாவது இத்தனை கல்.

நம் பக்கத்துக் கதை வேறு விதம். பூர்வகுடிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. பிரகடனத்துக்கு 2007-இல் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. கூடவே, இந்தியர் எல்லாருமே பூர்வகுடிகள்தான் என்றும் சொன்னது. எல்லாரும் பூர்வகுடி என்றால் யாருக்கும் தனிக்கணக்கு வேண்டியதில்லை. நம் அரசுகளுக்குக் கைவந்த நல்லிணக்கம் நினைவுச் சின்னம். பாஞ்சாலங்குறிச்சியில் இடிக்கப்பட்ட கோட்டைக்கு 1974-இல் தமிழக அரசு நினைவுக்கோட்டை கட்டியது. ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு நினைவில்லமாக நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். வேண்டிய காரியம்தான். இடித்தவனின் ஆணை கடைசிச் சொல்லாக நின்றுவிடக் கூடாது.

ஆனால் சிலைக்கு வைக்கும் கல்லும் காலில் கட்டும் கல்லும் ஒன்றாகாது. முன்னது இறந்தவர்களுக்கு மரியாதை. பின்னது இருப்பவர்களுக்குப் பங்கு. மீன்பிடித் தடைக்கால நிவாரணம், மானிய டீசல், வீடு என்று இன்றைய அரசு கரைக்குத் தருவது கொஞ்சமில்லை. அதில் எதுவும் பங்கு என்று எழுதப்படவில்லை, எல்லாம் உதவி என்றுதான் எழுதப்படுகிறது. உதவி கூடும், குறையும், ஆட்சி மாறினால் பெயரும் மாறும். பங்கை அப்படி மாற்ற முடியாது. சுரண்டவென்றே வந்த டச்சுக் கம்பெனிகூடப் பட்டங்கட்டிகளின் பெயரை மன்னரின் பெயருக்குக் கீழே அதே தாளில் எழுத வேண்டியிருந்தது. ஓட்டுப் போட்டு நாமே அமைத்த அரசு அதைவிடக் குறைவாகச் செய்யலாமா?

மன்னார் வளைகுடாவில் சிப்பி ஒருநாள் தேறலாம். வளர்ப்புக் கூண்டுகளும் பாசிப் பண்ணைகளும் காற்றாலைத் திட்டங்களும் கரையை நோக்கி வரலாம். அன்றைக்கு ஏலம் போடுவதற்கு முன்னால், தருவைகுளத்துக்கு இத்தனை, வேப்பலோடைக்கு இத்தனை, திரேஸ்புரத்துக்கு இத்தனை என்று எழுதி வையுங்கள். இந்த முறை தலைவர் பெயரில் எழுதாமல் குளிக்கிறவர் பெயரில் எழுதுங்கள். பேரத்தில் அரைக் கல் வந்தாலும் பரவாயில்லை, அதையும் எழுதுங்கள்.